அந்தியோகியாவில் பவுல் பேதுருவை எதிர்த்தார்: அப்போஸ்தலருக்கு இருந்த அதிகாரம் எப்படிப்பட்டது?

வைகைக்கரை

எங்கள் சபையின் வேதபாட வகுப்பில் பவுல் எழுதிய கலாத்தியர் நிருபம் நடந்துகொண்டிருக்கிறது. இரண்டாம் அதிகாரத்துக்கு வந்ததும் வகுப்பே இரண்டு கட்சியாகிவிட்டது. அந்தக் கேள்வியை இங்கே வைக்கிறேன்.

நடந்தது இது. பேதுரு அந்தியோகியாவுக்கு வருகிறார். யூதரல்லாத விசுவாசிகளோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். எருசலேமிலிருந்து, அங்கே சபைத் தலைவராக இருந்த ஆண்டவரின் சகோதரர் யாக்கோபின் ஆட்கள் வந்து சேர்ந்ததும் பந்தியைவிட்டு விலகிக்கொள்கிறார். அவரைப் பார்த்து மற்ற யூத விசுவாசிகளும் விலகுகிறார்கள். பவுலோடு ஊர் ஊராகப் போய் ஊழியம் செய்த பர்னபாவும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறார். பவுல் எல்லாருக்கும் முன்பாகப் பேதுருவை "முகமுகமாய்" எதிர்க்கிறார். இது கி.பி. 50ஐ ஒட்டிய காலம்.

பவுல் எழுதாமல் விட்டதுதான் என்னை மறுபடி மறுபடி யோசிக்க வைக்கிறது. பேதுரு ஒத்துக்கொண்டார் என்று ஒரு வரிகூட இல்லை. கலாத்தியருக்கு எழுதிய நேரத்தில் பவுலுக்கு மிகவும் உதவியிருக்கக்கூடிய வரி அதுதான். அங்கே யூதரல்லாத விசுவாசிகளுக்கும் விருத்தசேதனம் (யூத முறைச் சுன்னத்து) வேண்டும் என்று வற்புறுத்தியவர்கள் எருசலேமின் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று தோன்றுகிறது. "பேதுருவே என் பேச்சை ஏற்றுக்கொண்டார்" என்று எழுதியிருந்தால் வழக்கு அன்றே முடிந்திருக்கும். அவர் எழுதவில்லை. ஆகவே அன்று பவுலுக்கு வெற்றி கிடைக்கவில்லை என்றே நான் கருதுகிறேன்.

இதிலிருந்து எனக்குத் தோன்றுவது: முதல் தலைமுறையில் ஓர் அப்போஸ்தலன் இன்னொரு அப்போஸ்தலனுக்குக் கட்டளையிட முடியவில்லை. சபையின் முன் நின்று வாதாட மட்டுமே முடிந்தது. நாம் இன்று "அப்போஸ்தல அதிகாரம்" என்று சொல்வது அவர்கள் மறைந்த பிறகு உருவான ஒன்று. ஒப்புக்கொள்ளாதவர்கள் முதல் இருநூறு ஆண்டு ஆதாரங்களிலிருந்தே பதில் சொல்லுங்கள்.

மறைமலர்

நான் கத்தோலிக்கன். ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பகுதியை இன்னொரு முறை படியுங்கள். பேதுரு பந்தியைவிட்டு எழுந்ததும் எல்லாரும் எழுந்தார்கள். அவர் வாய் திறந்து ஒரு கட்டளையும் இடவில்லை, ஆனாலும் பர்னபாவே பின்னால் போகிறார். அதிகாரம் இல்லாத ஒருவர் எழுந்து போனதற்கு யார் இவ்வளவு கலங்குவார்கள்? பவுல் பொதுவில் பேசவேண்டி வந்ததற்குக் காரணமே பேதுருவின் நிலைதான்.

பவுல் மனம் மாறிய பின் மூன்று ஆண்டு கழித்து எருசலேம் போனதும் யாரைப் பார்க்கப் போனார்? கேபாவை, அதாவது பேதுருவை. அவரோடு 15 நாள் தங்கினார். மற்றபடி ஆண்டவரின் சகோதரர் யாக்கோபைத் தவிர வேறு எந்தத் திருத்தூதரையும் (நீங்கள் சொல்லும் அப்போஸ்தலரை) பார்க்கவில்லை என்று அவரே சத்தியம் செய்கிறார். யாரிடமும் எதுவும் பெற்றுக்கொள்ளவில்லை என்று அடித்துச் சொல்லும் அதே கடிதத்தில் இதையும் மறைக்காமல் சொல்கிறார்.

கார்த்தேஜின் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்தூலியன் கி.பி. 200 வாக்கில் இதே அந்தியோகியா நிகழ்ச்சிக்கு விளக்கம் தந்திருக்கிறார்: பேதுருவிடம் பிழை இருந்தது நடத்தையில், போதனையில் அல்ல. பவுலும் அதைத்தான் சொல்கிறார். பேதுரு தாம் நம்பியதற்கு மாறாக நடந்துகொண்டார் என்பதே குற்றச்சாட்டு.

கடலோரம்

இயேசுவின் பன்னிரு சீடரில் அவரைக் காட்டிக்கொடுத்த யூதாசுக்குப் பதிலாக மத்தியாவைச் சீட்டுப்போட்டுச் சேர்த்தார்கள். ஆனால் யோவானின் அண்ணன் யாக்கோபை ஏரோது வாளால் கொன்றபோது அந்த இடத்துக்கு யாரையும் சேர்க்கவில்லையே, ஏன்? பதவி என்றால் காலியானதும் நிரப்பவேண்டாமா?

ஏட்டுச்சுவடி

கடலோரம் தம்பி கேட்டது நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொன்னால் மேலே இருவரும் பேசுவதில் உள்ள ஒரு சிக்கலும் தெளியும்.

பன்னிருவர் ஒரு வட்டம். அப்போஸ்தலர் அதைவிடப் பெரிய வட்டம். இரண்டையும் ஒன்றாக்கியதில், அப்போஸ்தலர் நடபடிகளை எழுதிய லூக்காவுக்குப் பெரிய பங்கு உண்டு. பன்னிருவர் இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்களுக்கு அடையாளம். சிங்காசனங்களில் உட்கார்ந்து அந்தக் கோத்திரங்களை நியாயந்தீர்ப்பார்கள் என்ற வாக்கு அவர்களுக்கு இருந்தது. யூதாஸ் அந்த இடத்தைத் துரோகத்தால் இழந்தான், ஆகவே நிரப்பினார்கள். யாக்கோபு சாட்சியாக மரித்தார். மரணத்தால் அந்த இடம் பறிபோவதில்லை, ஆகவே நிரப்பவில்லை. அவரைக் கொன்ற ஏரோது அகிரிப்பா இறந்தது கி.பி. 44இல். அதற்குச் சற்று முன் யாக்கோபு கொல்லப்பட்டபோது யாரும் சீட்டுப்போட நினைக்கவில்லை என்றால், பன்னிருவரின் இடம் வழிவழியாகக் கைமாறும் பதவியாக அவர்களுக்குத் தோன்றவில்லை என்றுதான் பொருள்.

மத்தியாவைத் தெரிந்தெடுக்க அப்போஸ்தலர் நடபடிகள் முதல் அதிகாரத்தில் ஒரு தகுதி சொல்லப்படுகிறது: யோவான் ஸ்நானகனின் ஞானஸ்நானம் தொடங்கி, இயேசு எடுத்துக்கொள்ளப்பட்ட நாள்வரை கூடவே இருந்தவராக இருக்கவேண்டும். அந்த அளவுகோலை வைத்தால் பவுல் தேறமாட்டார். ஆனால் 1 கொரிந்தியர் 15இல் பவுல் தரும் பட்டியலைப் பாருங்கள். உயிர்த்தெழுந்தவர் கேபாவுக்குக் காணப்பட்டார், பிறகு பன்னிருவருக்கு, பிறகு ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சகோதரருக்கு, பிறகு யாக்கோபுக்கு, பிறகு "அப்போஸ்தலர் எல்லாருக்கும்", கடைசியாகத் தமக்கு. பன்னிருவரைச் சொல்லி முடித்த பிறகு "அப்போஸ்தலர் எல்லாரும்" என்று தனியாக ஒரு கூட்டம் வருகிறது.

ரோமர் 16இல் அன்றோனீக்கும் யூனியாவும் வருகிறார்கள். பவுலுக்கு முன்பே கிறிஸ்துவுக்குள்ளானவர்கள், அவரோடு சிறையில் இருந்தவர்கள், அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர்கள். யூனியா ஒரு பெண். நான்காம் நூற்றாண்டில் சபைப் போதகர் யோவான் கிறிசோஸ்தோம் இந்த வசனத்துக்கு விளக்கம் சொல்லும்போது, அப்போஸ்தலர் என்று எண்ணப்படும் அளவுக்கு இந்தப் பெண்ணின் ஞானம் எவ்வளவு பெரிது என்று வியக்கிறார். பின்னால் வந்த சிலர் அவரை ஆணாக்கப் பார்த்தார்கள். பெண்களுக்குக் கற்பிக்கிறவள் என்ற முறையில் எனக்கு இது சின்ன விஷயம் அல்ல. ரோம் சபையை பேதுருவும் பவுலும் மட்டும் கட்டவில்லை. பவுல் அங்கே கால் வைக்கும் முன்பே இவர்கள் அங்கே இருந்தார்கள்.

மறைமலர்

அம்மா, பெரிய வட்டம் இருந்தது என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் திருத்தூதரும் மூப்பரும் கூடிய எருசலேம் சங்கம் என்ன ஆவது? யூதரல்லாதவருக்கு விருத்தசேதனம் வேண்டுமா என்று அந்தியோகியாவில் எழுந்து தீராத சிக்கல் எங்கே போனது? எருசலேமுக்கு. பேதுரு பேசினார், ஆண்டவரின் சகோதரர் யாக்கோபு தீர்ப்புச் சொன்னார், "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்று கடிதம் போயிற்று. இது வெறும் வாதாட்டமா? தீர்ப்பு அல்லவா?

வைகைக்கரை

தீர்ப்புத்தான், ஐயா. ஆனால் அந்தக் கடிதம் அப்போஸ்தலரும் மூப்பரும் சேர்ந்து அனுப்பியது, "சபையார் எல்லாருக்கும்" நலமாகத் தோன்றியபடி. தீர்ப்புச் சொன்ன யாக்கோபு பன்னிருவரில் ஒருவர்கூட இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தத் தீர்ப்பில் விக்கிரகங்களுக்குப் படைத்ததை உண்ணக்கூடாது என்ற விதி உண்டு. சில ஆண்டுகள் கழித்து எபேசுவிலிருந்து பவுல் கொரிந்துவுக்கு எழுதுகிறார். அங்கே அதே பிரச்சினை: கோயிலில் படைத்த இறைச்சியைச் சாப்பிடலாமா? எட்டாம் அதிகாரம் தொடங்கி பத்தாம் அதிகாரம் வரை விவாதிக்கிறார். பலவீனமான மனச்சாட்சி, சந்தைக்கடையில் வாங்கும் இறைச்சி, அவிசுவாசி விருந்துக்கு அழைத்தால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுகிறார். எருசலேம் கடிதத்தை ஓரிடத்திலும் குறிப்பிடவில்லை. கையில் ஒரு சங்கத்தின் தீர்ப்பை வைத்துக்கொண்டு இப்படி மூன்று அதிகாரம் வாதாட யாருக்குப் பொறுமை இருக்கும்?

பொதிகைப் போதகர்

நாற்பது வயதுக்குப் பிறகு ஊழியத்துக்கு வந்தவன் நான். மேடையில் நின்று "ஆண்டவர் சொல்லுகிறார்" என்பது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும். அதனால் 1 கொரிந்தியர் ஏழாம் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் நடுக்கம் வருகிறது. திருமணத்தைப் பற்றிப் பவுல் பேசுகிறார். மனைவி கணவனை விட்டுப் பிரியக்கூடாது என்னும்போது, இதை நான் அல்ல, கர்த்தரே கட்டளையிடுகிறார் என்கிறார். அவிசுவாசியான துணையோடு வாழ்வதைப் பற்றி வரும்போது, இது கர்த்தர் அல்ல, நான் சொல்லுகிறேன் என்கிறார். மணமாகாதவர்களிடம் வந்ததும், கர்த்தருடைய கட்டளை என்னிடம் இல்லை, என் கருத்தைச் சொல்கிறேன் என்கிறார். ஒரே அதிகாரத்தில் மூன்று படி! கேட்பவர் பிரித்தறியவேண்டும் என்று அவரே கோடு போட்டுக் காட்டுகிறார்.

பிலேமோன் நிருபம் ஒரே அதிகாரம்தான். ஓடிப்போன அடிமை ஒநேசிமுவைத் திரும்ப அனுப்புகிறார். கட்டளையிட எனக்குத் துணிவு உண்டு, ஆனாலும் அன்பினிமித்தம் மன்றாடுகிறேன் என்கிறார். அவன் உனக்கு ஏதாவது கடன்பட்டிருந்தால் என் கணக்கில் வை, பவுலாகிய நான் என் கையால் எழுதுகிறேன், நான் தீர்ப்பேன் என்று எழுதிக்கொடுக்கிறார். உடனே, நீ உன்னையே எனக்குக் கடன்பட்டிருக்கிறாய் என்பதையும் விடாமல் சேர்க்கிறார். கடைசியில் எனக்குத் தங்க இடம் ஆயத்தம்பண்ணு என்கிறார். நேரில் வந்து பார்ப்பேன் என்பதுதானே அதன் பொருள்! அந்த நிருபம் பிலேமோனுக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. அப்பியாள், அர்க்கிப்பு, அவன் வீட்டில் கூடும் சபை எல்லாருக்கும் சேர்த்து எழுதப்பட்டது. சபை நடுவே வாசிக்கப்படும்போது பிலேமோனால் எப்படி மறுக்க முடியும்?

ஆகவே தம்பி வைகைக்கரை, "வாதாட மட்டுமே முடிந்தது" என்ற உங்கள் சொல் எனக்குப் போதவில்லை. கெஞ்சல் உண்டு, ஆனால் அந்தக் கெஞ்சலுக்கு எடை உண்டு. அவர் பெற்றெடுத்த சபை அது. "மற்றவர்களுக்கு நான் அப்போஸ்தலன் இல்லாவிட்டாலும் உங்களுக்கு அப்போஸ்தலன், நீங்களே என் முத்திரை" என்று கொரிந்தியருக்குச் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது.

வைகைக்கரை

ஐயா, அந்த வசனத்தின் முதல் பாதியையும் பாருங்கள். மற்றவர்களுக்கு அவர் அப்போஸ்தலன் இல்லாமல் இருக்கலாம் என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். ஊருக்கு ஊர் மாறும் அதிகாரம். அதுதான் நான் சொல்ல வருவது. எடை உண்டு என்பதை ஏற்கிறேன்.

கடலோரம்

இன்று நம் ஊர்ச் சுவரொட்டிகளில் பெயருக்கு முன்னால் "அப்போஸ்தலர்" என்று போட்டுக்கொள்கிறார்களே. அன்று யார் வேண்டுமானாலும் வந்து அப்படிச் சொல்லிக்கொள்ள முடிந்ததா? போலியை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

ஏட்டுச்சுவடி

சொல்லிக்கொண்டு வந்தார்கள், தம்பி. 2 கொரிந்தியர் முழுவதும் அந்தச் சண்டைதான். கையில் சிபாரிசுக் கடிதங்களோடு வந்தவர்கள், நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள். பவுல் அவர்களைக் கள்ள அப்போஸ்தலர் என்கிறார். வேடிக்கை என்னவென்றால், பவுல் சபையிடம் காசு வாங்காமல் கூடாரத் தொழில் செய்து பிழைத்தது அவருக்கு எதிராகத் திரும்பியது. மற்ற அப்போஸ்தலரும் கேபாவும் மனைவியை உடன் அழைத்துக்கொண்டு சபையின் செலவில் பயணம் செய்தார்கள். உண்மையான அப்போஸ்தலன் என்றால் இவரும் வாங்கியிருப்பாரே என்று கேட்டிருக்கிறார்கள் போலும். உங்களுக்கு இலவசமாய்ச் சுவிசேஷம் சொன்னது குற்றமா என்று அவர் கொதிப்பது 11ஆம் அதிகாரத்தில்.

போலியைக் கண்டுபிடிக்கும் முறை டிடாக்கேயில் இருக்கிறது. 1873இல் கான்ஸ்டாண்டிநோபிளில் பிலோதெயோஸ் பிரியென்னியோஸ் கண்டெடுத்து 1883இல் வெளியிட்ட சிறு நூல். கையில் கிடைத்த சுவடி 1056இல் எழுதப்பட்ட பிரதி, நூலோ முதல் நூற்றாண்டின் இறுதியையோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்தது. அதில் அப்போஸ்தலர்களைப் பற்றி ஒரு பகுதி உண்டு. வருகிற அப்போஸ்தலரைக் கர்த்தரைப்போல ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு நாள் தங்கட்டும், தேவையானால் மறுநாளும் தங்கட்டும். மூன்று நாள் தங்கினால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது அடுத்த தங்குமிடம் வரை போதுமான அப்பம் மட்டும் கொடுங்கள். பணம் கேட்டால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி.

இந்த நூலை நான் நேசிக்கிறேன். பெரிய இறையியல் எதுவும் இதில் இல்லை. விருந்தினரை வரவேற்று ஏமாந்துபோன ஒரு சிற்றூர்ச் சபை, அனுபவத்தில் பட்டு எழுதிவைத்த விதிகள். பன்னிருவரின் பெயரால் வழங்கும் இந்த நூலிலேயே அப்போஸ்தலரைச் சோதிக்கும் பொறுப்பு அடுப்படியில் அப்பம் சுடுகிறவர்களிடம் இருக்கிறது.

மறைமலர்

அதே டிடாக்கே சில பத்திகள் தள்ளி என்ன சொல்கிறது? உங்களுக்கென்று கண்காணிகளையும் (ஆயர்களையும்) உதவியாளர்களையும் ஏற்படுத்திக்கொள்ளுங்கள், அவர்களும் தீர்க்கதரிசிகள், போதகர்கள் செய்யும் பணியையே செய்கிறார்கள், அவர்களை இழிவாக எண்ணாதீர்கள் என்கிறது. ஊர்விட்டு ஊர் போகிறவர்களிடமிருந்து ஊரில் இருக்கிறவர்களிடம் பொறுப்பு வந்து சேர்வதை நம் கண்முன்னே பார்க்கிறோம்.

கி.பி. 96 அளவில் உரோமையிலிருந்து கொரிந்துக்குப் போன கடிதம், கிளமெந்துவின் பெயரால் வழங்குவது, இதை இன்னும் தெளிவாகச் சொல்கிறது. கடவுள் கிறிஸ்துவை அனுப்பினார், கிறிஸ்து திருத்தூதரை அனுப்பினார், திருத்தூதர்கள் நாடுகளிலும் நகரங்களிலும் முதற்கனிகளைக் கண்காணிகளாக ஏற்படுத்தினார்கள். ஆயர் பணியைக் குறித்துச் சண்டை வரும் என்று முன்னறிந்து, இவர்கள் இறந்தபின் வேறு தகுதியானவர்கள் தொடரவேண்டும் என்றும் ஏற்பாடு செய்தார்கள். இப்படி நியமிக்கப்பட்ட மூப்பர்களைக் கொரிந்தியர் நீக்கியது தவறு என்கிறது. யோவான் திருத்தூதரின் நினைவு மறையாத காலத்துச் சான்று இது. பின்னால் வந்த கற்பனை என்று எப்படி ஒதுக்குவீர்கள்?

வைகைக்கரை

கற்பனை என்று நான் சொல்லவில்லை. கிளமெந்து மிகவும் மதிப்பான சான்று. ஆனால் அந்தக் கடிதத்தில் எழுதியவரின் பெயரே இல்லை. ரோமில் உள்ள சபை கொரிந்துவில் உள்ள சபைக்கு எழுதுகிறது. பேதுருவின் நாற்காலியிலிருந்து எழுதுகிறோம் என்று ஒரு சொல் கிடையாது. பவுல் உங்களுக்கு எழுதிய நிருபத்தை எடுத்துப் படியுங்கள், அன்றே நீங்கள் கட்சி கட்டினீர்களே என்று நினைவூட்டுகிறது. அதுவும் வாதாட்டம்தான்.

இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோகியாவின் ஆயராக இருந்த இஞ்ஞாசியாரையும் பாருங்கள். ஆயரில்லாமல் எதுவும் செய்யாதீர்கள் என்று அவரைப்போல் அழுத்திச் சொன்னவர் அந்தக் காலத்தில் யாருமில்லை. சங்கிலியோடு ரோமுக்குக் கொண்டுபோகப்படும்போது ரோமருக்கு எழுதுகிறார்: பேதுருவையும் பவுலையும் போல நான் உங்களுக்குக் கட்டளையிடவில்லை, அவர்கள் அப்போஸ்தலர், நான் தண்டனை பெற்றவன். ஆயரைக் கடவுளின் இடத்திலும், மூப்பர்களை அப்போஸ்தலர் சங்கத்தின் இடத்திலும் வைக்கிறாரே தவிர, ஆயர் அப்போஸ்தலரிடமிருந்து வழிவழியாகப் பெற்றவர் என்ற வாதத்தை அவர் எடுக்கவே இல்லை.

மறைமலர்

"அவர்கள் கட்டளையிட்டார்கள்" என்று இஞ்ஞாசியார் சொன்னதை நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். அவர் அந்தியோக்கியாவின் ஆயர். பந்திச் சண்டை நடந்த அதே நகரம். பேதுருவையும் பவுலையும் அவர் எதிரெதிரே நிறுத்தவில்லை, சேர்த்தே சொல்கிறார். அந்த ஊர்க்காரர்களின் நினைவில் இருவரும் ஒன்றாகிவிட்டார்கள்.

பொதிகைப் போதகர்

இதற்கு நான் "ஆமென்" சொல்வேன்.

கடலோரம்

அப்போஸ்தலரிலிருந்து ஆயர்களை வரிசையாகச் சொல்லும் வழிவழிப் பட்டியல் எப்போது தொடங்கியது? தோமா இந்தியாவுக்கு வந்தது, மயிலாப்பூர் எல்லாம் இதில் சேருமா?

ஏட்டுச்சுவடி

பட்டியலை வாதமாகக் கூர்மையாக்கியவர் லியோனின் ஆயர் இரனேயு, கி.பி. 180 வாக்கில். அவருக்கு அந்தத் தேவை ஏன் வந்தது என்பதைப் பார்க்கவேண்டும். சபை ஏற்காத போதகரான வாலெந்தீனின் சீடர்கள் தங்கள் போதகருக்குப் பவுலின் மாணவர் தெயுதா கற்பித்தார் என்றார்கள். அவரைப்போன்ற இன்னொரு போதகர் பசிலீதுவின் ஆட்கள் பேதுருவின் மொழிபெயர்ப்பாளர் கிளவுக்கியா வழியாகத் தங்களுக்கு வந்தது என்றார்கள். அதாவது அப்போஸ்தலரோடு சங்கிலி கோப்பது எல்லாத் தரப்புக்கும் பொதுவான வழக்கமாகிவிட்டது. இரனேயுவின் பதில்: உங்கள் சங்கிலி இரகசியமானது, எங்களுடையது ஊரறிந்தது. ரோமில் லீனு, அனக்கிலேத்து, கிளமெந்து என்று தொடங்கித் தம் காலத்து எலெயுத்தேரு வரை பெயர் பெயராக அடுக்குகிறார். சிறுவயதில் தாமே சிமிர்னாவின் ஆயர் பொலிகார்ப்பின் வாயிலிருந்து கேட்டவர், அதனால் இந்தப் பேச்சில் உயிர் இருக்கிறது.

தோமா பற்றி: மூன்றாம் நூற்றாண்டில் எதெசா வட்டாரத்தில் சீரிய மொழியில் எழுதப்பட்ட தோமா நடபடிகளில் அப்போஸ்தலர்கள் உலகத்தைச் சீட்டுப்போட்டுப் பிரித்துக்கொள்கிறார்கள். தோமாவுக்கு இந்தியா விழுகிறது, போகமாட்டேன் என்கிறார், இயேசுவே அவரை ஒரு வணிகருக்கு அடிமையாக விற்றுவிடுகிறார். அங்கே வரும் குந்தபர் அரசரின் நாணயங்கள் வடமேற்கு இந்தியப் பகுதியில் கிடைத்திருக்கின்றன. கேரளத்துக்கும் மயிலாப்பூருக்கும் உள்ள மரபு தனியாகப் பேசவேண்டிய பெரிய விஷயம், இங்கே தொடங்கினால் இழை திசைமாறிவிடும்.

இப்போது பேசுவதற்கு நெருக்கமானது பாஸ்கா சண்டை, அதாவது உயிர்ப்புப் பண்டிகையை எந்த நாளில் கொண்டாடுவது என்ற சண்டை. கி.பி. 155ஐ ஒட்டிப் பொலிகார்ப் சிமிர்னாவிலிருந்து ரோமுக்கு வந்து அங்குள்ள ஆயர் அனிக்கேத்துவைச் சந்தித்தார். ஆசியாவில் (இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி) யூத மாதமான நீசானின் 14ஆம் நாளில் பாஸ்கா, அது யோவானிடமிருந்து வந்த வழக்கம் என்பது பொலிகார்ப்பின் நிலை. தமக்கு முன்பிருந்த மூப்பர்களின் வழக்கத்தை விடமாட்டேன் என்பது அனிக்கேத்துவின் நிலை. இருவரும் ஒருவரை ஒருவர் இணங்கவைக்க முடியவில்லை. அனிக்கேத்து தம் சபையில் நற்கருணையை நடத்தும்படி பொலிகார்ப்புக்கு விட்டுக்கொடுத்தார், சமாதானமாகப் பிரிந்தார்கள். 190 வாக்கில் ரோமின் ஆயர் விக்டர் அதே வழக்கத்துக்காக ஆசியச் சபைகளை ஐக்கியத்திலிருந்து துண்டிக்க முயன்றார். எபேசுவின் ஆயர் பொலிகிராத்து எழுதிய பதிலில், எராப்போலியில் பிலிப்பு உறங்குகிறார், எபேசுவில் யோவான் உறங்குகிறார், என் உறவினர் ஏழுபேர் ஆயர்களாக இருந்தார்கள், நான் எட்டாவது என்று நிமிர்ந்து நிற்கிறார். அப்போஸ்தலரின் பெயர் இரண்டு பக்கமும் இருந்தது. அதனால் அந்தப் பெயரை வைத்து மட்டும் வழக்கைத் தீர்க்க முடியவில்லை.

மறைமலர்

விக்டரைக் கண்டித்து எழுதியவர் யார் என்பதையும் சொல்லுங்கள், அம்மா. அதே இரனேயு. உரோமைத் திருச்சபையின் பட்டியலை அடுக்கியவரே உரோமை ஆயரிடம், உமக்கு முன்பிருந்த அனிக்கேத்து இப்படிச் செய்யவில்லையே என்று கேட்டார். மரபுவழி அதிகாரத்தை ஏற்பவனுக்கு எதிர்த்துப் பேச வழியில்லை என்று நினைக்கிறவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன். இரனேயு வெளியே நின்று எதிர்க்கவில்லை. அந்த மரபையே ஆதாரமாக எடுத்து விக்டரைத் தடுத்தார். பவுல் பந்தியில் செய்ததும் அதுவே. "நாம் இருவரும் நம்புவது இதுவல்லவா" என்றுதான் பேதுருவிடம் தொடங்கினார்.

வைகைக்கரை

அந்தக் கடைசி வரி கலாத்தியர் 2:15க்குச் சரியாகப் பொருந்துகிறது. "சுபாவத்தின்படி யூதராயிருக்கிற நாம்" என்று பேதுருவையும் சேர்த்துக்கொண்டே பவுல் வாதத்தைத் தொடங்குகிறார். என் அப்போஸ்தல அழைப்பு உன்னுடையதைவிடப் பெரிது என்று எங்கும் சொல்லவில்லை. இருவருக்கும் மேலே சுவிசேஷம் நிற்கிறது. முதல் அதிகாரத்தில் இன்னும் கடுமையாக, நாங்களே வந்து வேறு சுவிசேஷத்தைப் பிரசங்கித்தாலும் சபிக்கப்பட்டவர்கள் என்கிறார். அந்த "நாங்களே" என்பதில் பவுலும் அடக்கம்.

அந்தச் சுவிசேஷம் எது என்று யார் சொல்வது, சபையா ஆயரா என்பதில் நாம் இருவரும் ஒத்துப்போகவில்லை, மறைமலர் ஐயா. அடுத்த வகுப்புக்கு 15ஆம் வசனத்திலிருந்து 21 வரை எடுக்கிறோம். பேதுருவிடம் பவுல் பேசியது எந்த வசனத்தில் முடிகிறது, கலாத்தியரிடம் பேசுவது எங்கே தொடங்குகிறது என்பதே அங்கு தெளிவாக இல்லை. உங்கள் பக்கத்து விளக்கவுரைகள் அதை எங்கே பிரிக்கின்றன என்று எழுதினால் வகுப்பில் வாசித்துக் காட்டுகிறேன்.

மறைமலர்

14ஆம் வசனத்தோடு நிறுத்துகிறவர்களும் உண்டு, 21 வரை நீட்டுகிறவர்களும் உண்டு. நான் 21 வரை என்ற கட்சி. "நாம்" என்று தொடங்கியவர் 18ஆம் வசனத்தில் "நான்" என்று மாறுகிறார், ஆனாலும் பேச்சு அறுபடவில்லை. மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தில் "புத்தியில்லாத கலாத்தியரே" என்று கூப்பிடும்போதுதான் முகம் இவர்கள் பக்கம் திரும்புகிறது. காரணங்களை விரிவாக இன்றிரவு எழுதுகிறேன்.